சேலை நீளமாகிவிட்டது

வெள்ளி அரைஞாண் எங்கே விழும் தெரியுமா? இடுப்புப் பகுதியின் நான்காவது முள்ளெலும்பின் மேல், அளந்து வைத்ததுபோல் விழும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா கருவிக்கு வெள்ளியும் ஒன்றுதான், எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் ஒன்றுதான். இரண்டுமே எக்ஸ்ரேயைத் தடுப்பவை. அரைஞாணோடு படுத்துவிட்ட தாத்தாவுக்கு இருபது வயதுக் காளையின் எலும்பு இருப்பதாகத் தாள் சொல்லிவிடும். அதனால், மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணியில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில், பெயரையும் அடையாள அட்டையையும் சரிபார்த்த கையோடு நான் கேட்பது, "ஐயா, இடுப்பில் கயிறு கட்டியிருக்கிறீர்களா?" என்பதுதான்.

பெண்களிடம் கேட்க வேண்டியது இன்னும் அதிகம். பாவாடையில் குத்திய ஊக்கு, இடுப்பில் செருகிய சுருக்குப் பை, அதற்குள் பஸ்ஸுக்கு வைத்திருக்கும் இருபது காசு, ஐம்பது காசு நாணயங்கள். காலையில் விழுங்கிய கால்சியம் மாத்திரை கரையாமல் குடலில் கிடந்தால் அதுவும் படத்தில் வெள்ளைப் பொட்டாக விழும். தாலிக்கொடிதான் சங்கடம். முதுகெலும்புக்கு மட்டும் படம் என்றால் தோள்வரை ஏற்றிவிட்டு எடுத்துவிடலாம். உடல் முழுவதும் எடுக்க வேண்டுமென்றால் கழற்றத்தான் வேண்டும். ஒரு முறை பாடாங் செராயிலிருந்து வந்த அம்மா, நூலில் மஞ்சள் துண்டைக் கட்டி அணிந்துகொண்டு கொடியைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த யோசனையை எல்லோருக்கும் நானே சொல்கிறேன். மஞ்சள் துண்டு கணக்கைக் கெடுக்காது.

என்னை எல்லோரும் 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் தாதி இல்லை, எக்ஸ்ரே பிரிவைச் சேர்ந்தவள் என்று விளக்குவதை விட்டுப் பல வருடங்களாகின்றன.

என் மேசையில் வந்து படுப்பவர்களில் பாதிப் பேர் பீடோங், குரூண், கோலக்கெட்டில் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் வரிசைக்கு நின்று, தோளில் வைத்த காண்டாக் கம்பின் இரு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு மேடும் பள்ளமும் நடந்தவர்கள். ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தபோது தோட்டத்தை விட்டு வெளியேறி, தாமான் எனும் குடியிருப்புகளின் வீடுகளுக்கு வந்து சேர்ந்தவர்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருவர். அதனால்தானோ என்னவோ, கருவி எப்படி வேலை செய்கிறது என்று அவர்கள் கேட்கும்போது எனக்குப் பால் கொட்டகைதான் நினைவுக்கு வருகிறது.

தோட்டத்தில் பாலை எடை போட்டதோடு கணக்கு முடியாது. வாளியில் இருப்பதில் ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். தோட்டத்துக் கணக்கரான கிராணி, மெட்ரோலாக் என்ற மிதவைக் குழலைப் பாலுக்குள் விட்டு, அது எவ்வளவு மூழ்குகிறது என்று பார்த்து, உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போடுவார். கூலி அந்த உலர்ந்த எடைக்குத்தான். டெக்ஸாவும் கிட்டத்தட்ட அப்படித்தான். குறைந்த ஆற்றல், கூடிய ஆற்றல் என இரண்டு விதமான எக்ஸ்ரேக்களை உடலுக்குள் அனுப்புகிறது. எலும்பு இரண்டையும் தடுக்கும் விதம் வேறு, சதை தடுக்கும் விதம் வேறு, கொழுப்புக்கு இன்னொரு விதம். அந்த வித்தியாசத்திலிருந்து இதில் இவ்வளவு எலும்பு, இவ்வளவு சதை, இவ்வளவு கொழுப்பு என்று பிரித்துவிடுகிறது. இதைச் சொன்னால் எங்கள் பாட்டிமார்களுக்கு உடனே விளங்கிவிடும். கூடவே ஒரு சந்தேகமும் வந்துவிடும். "அந்தக் கிராணி எங்களுக்குப் போட்ட கணக்கு மாதிரி இல்லையே, மிஸ்ஸி?"

கதிர்வீச்சைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் பலர். பூமியில் இருக்கும் எவர்மேலும் இயற்கையாக விழும் கதிர்வீச்சு சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். இந்தப் பரிசோதனையில் கிடைப்பது அதில் ஓரிரு நாள் அளவு. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலே சேர்ந்துவிடுவதுதான்.

தாளில் எல்லோரும் தேடுவது டி ஸ்கோர். இளவயதுப் பெண்ணின் எலும்போடு ஒப்பிட்டால் நீங்கள் எவ்வளவு கீழே இருக்கிறீர்கள் என்று காட்டும் எண் அது. 1994இல் உலகச் சுகாதார நிறுவனம் கோடு கிழித்தது: மைனஸ் 1 வரை பரவாயில்லை, மைனஸ் 2.5க்கு வந்தாலோ அதற்குக் கீழே போனாலோ எலும்புப்புரை. நம் மக்கள் இதைத் 'தேய்மானம்' என்கிறார்கள். முழங்கால் மூட்டுத் தேய்ந்தாலும் தேய்மானம், எலும்பு உள்ளே பொத்தலானாலும் தேய்மானம். ஒன்று வலிக்கும், மற்றது ஒடியும் நாள் வரை வாயே திறக்காது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் படும் குழப்பம் கொஞ்சமல்ல. மூட்டு வலிக்கு மருந்துக் கடையிலோ சந்தையிலோ மாஜூன் வாங்கிச் சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டு வைப்பேன். அப்படிப்பட்ட பாரம்பரிய மருந்துகள் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாக மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. நாள்பட்ட ஸ்டீராய்டு எலும்பை அரித்துவிடும்.

அந்த 'இளவயதுப் பெண்' யார் என்று ஒருநாள் தேடிப் படித்தேன். தொடை எலும்பின் கழுத்துப் பகுதிக்கு உலகச் சுகாதார நிறுவனம் காட்டும் ஒப்பீட்டுக் குழு, 1988 முதல் 1994 வரை அமெரிக்காவில் நடந்த ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் இடம்பெற்ற 20 முதல் 29 வயது வரையிலான வெள்ளைக்காரப் பெண்கள். கெடாவில் காண்டா சுமந்த பாட்டியை அவர்களோடு நிறுத்தி வைத்து அளக்கிறோம்! கருவி தருவதும் உண்மையான அடர்த்தி இல்லை, நிழலின் அடர்த்தி. ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை கிராம் என்பதுதான் கணக்கு. எலும்பின் தடிமன் அதில் வராது. சிறிய எலும்புக்காரர்களுக்கு எண் இயல்பாகவே கொஞ்சம் குறைத்துக் காட்டும்.

நிழல் என்று தெரிந்திருந்தும் நான் ஏமாந்த கதையைச் சொல்ல வேண்டும். ஆள் அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பீடோங் பக்கத்துப் பாட்டி, எழுபத்தொரு வயது. முதல் முறை வந்தபோது இடுப்பு முள்ளெலும்புகள் நான்கும் சேர்ந்து சதுர சென்டிமீட்டருக்கு 0.742 கிராம், டி ஸ்கோர் மைனஸ் 2.8. வாரம் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டிய மாத்திரை. இரண்டு வருடம் கழித்து மகன் கூட்டி வந்தார். அன்று வரிசையில் பதினொரு பேர். பாட்டி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"சேலையெல்லாம் நீளமாகிவிட்டது, மிஸ்ஸி. இடுப்பில் இன்னொரு சுற்றுச் செருகினாலும் தரையில் புரள்கிறது."

"துவைத்தால் சேலை சுருங்கத்தானே பாட்டி செய்யும்? உங்கள் வீட்டில் மட்டும் எப்படி நீள்கிறது?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். மேசையில் ஏற்றிப் படுக்கவைத்தேன். முதுகு மேசையில் படிவதற்காகக் கால்களைச் சதுரத் திண்டின் மேல் தூக்கி வைத்தேன். உயரம், எடை கேட்கும் கட்டத்தில் பழைய பதிவிலிருந்த 151 சென்டிமீட்டர் தானாகவே வந்து நின்றது. எடையை மட்டும் புதிதாகப் போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

வந்த எண் 0.801. டி ஸ்கோர் மைனஸ் 2.2. எட்டு சதவிகிதம் ஏற்றம். எங்கள் பிரிவில் முப்பது பேரைத் தலைக்கு இரண்டு முறை படம் எடுத்து, என் கையில் எவ்வளவு பிசகு வரும் என்று கணக்கிட்டு வைத்திருக்கிறோம். முதுகெலும்பில் ஐந்து சதவிகிதத்துக்குக் குறைவான மாற்றத்தை மாற்றமாகவே எடுத்துக்கொள்வதில்லை. எட்டு என்றால் ஐயமே வேண்டாம், மருந்து நன்றாக வேலை செய்கிறது என்றுதான் யாரும் சொல்வார்கள். தொடை எலும்பு மூன்று சதவிகிதம் இறங்கியிருந்தது. அது பிசகின் எல்லைக்குள் வருவதால் ஒதுக்கிவிட்டேன். "பாட்டி, எலும்பு ஏறியிருக்கிறது" என்று நானே வாயால் சொன்னேன். சொல்வது என் வேலையே இல்லை. அறிக்கை எழுதுவது மருத்துவர். ஆனாலும் சொன்னேன். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

ஐந்து மாதம் கழித்துத் தள்ளுவண்டியில் வந்தார். பேரனைத் தூக்கினாராம், முதுகில் 'டக்' என்றதாம். பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயில் நெஞ்சுப் பகுதியின் கடைசி முள்ளெலும்பு புதிதாக நசுங்கியிருந்தது. அதற்குக் கீழே இடுப்பின் முதல் முள்ளெலும்பும் நசுங்கியிருந்தது. ஆனால் அது பழையது, ஓரமெல்லாம் இறுகியிருக்கிறது, ஒரு வருடமாவது ஆகியிருக்கும் என்றார் எக்ஸ்ரே மருத்துவர்.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு பழைய டெக்ஸா படத்தைத் திறந்து பார்த்தேன். ஒளிந்துகொண்டெல்லாம் இருக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது முள்ளெலும்புகள் மைனஸ் 2.5க்கும் கீழே. முதலாவது மட்டும் சுழியத்துக்குப் பக்கத்தில். உயரமும் மற்றவற்றைவிடக் குட்டை. மடித்த துணி தடிப்பதுபோல், நசுங்கிய எலும்பு அதே சுண்ணாம்புச் சத்தைச் சிறிய இடத்தில் வைத்துக்கொண்டு அடர்த்தியாகக் காட்டியிருக்கிறது. பக்கத்து எலும்பைவிட டி ஸ்கோர் ஒன்றுக்கு மேல் விலகி நிற்கும் முள்ளெலும்பைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும் என்பது நான் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கும் விதி. ஏறியது எலும்பு இல்லை. உடைந்ததைத்தான் ஏற்றம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். மாத்திரையையும் பாட்டி நான்கே மாதத்தில் நிறுத்தியிருக்கிறார், நெஞ்சு எரிந்ததாம். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவர் எலும்பைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார். சேலை என்று சொன்னதால் எனக்கு விளங்கவில்லை. மறுநாள் வார்டுக்குப் போனபோது அவரை நிற்கவைத்து அளக்க முடியாது. வலி தணிந்து எழுந்த பிறகு அளந்தோம்: 147. நான்கு சென்டிமீட்டர், ஒரு சேலைச் செருகல்.

அதற்குப் பிறகு கணினியில் பழைய உயரம் தானாக வந்து நிற்பதை நிறுத்தச் சொன்னேன். இப்போது கட்டம் காலியாக இருக்கும், அளந்துதான் போட வேண்டும். வரிசை மெதுவாகிறது என்று முணுமுணுப்பு உண்டு. இருக்கட்டும்.

சரியாக அளந்தாலும் எல்லாம் சரியாகிவிடுவதில்லை. உடல் முழுவதும் படமெடுத்துக் கைகால்களிலுள்ள தசையின் எடையைக் கூட்டி, அதை உயரத்தின் வர்க்கத்தால் வகுப்போம். 2019இல் ஆசிய நாட்டு வல்லுநர் குழு ஒன்று வகுத்த அளவின்படி பெண்களுக்கு 5.4க்குக் கீழே, ஆண்களுக்கு 7.0க்குக் கீழே போனால் தசை குறைவு. ஒரு பாட்டிக்குத் தசை 12 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 151 சென்டிமீட்டரில் அவருக்கு 5.26, குறைவு. கூன் விழுந்து 147 ஆனதும் அதே தசைக்கு 5.55, நிறைவு! ஆள் குறுகக் குறுக எண் தேறிக்கொண்டே போகும். அதனால் இரண்டு கைகளையும் விரிக்கச் சொல்லி விரல் நுனிக்கு நுனி அளந்தும் குறித்துவைக்கிறேன். முதுகு குறுகினாலும் கை குறுகாது. கைப்பிடி வலுவையும் பார்ப்பேன். பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே போனால் பலவீனம். பால்மரம் வெட்டிய கைகள் சில இன்னும் 24, 25 காட்டுவதைப் பார்த்து வியந்திருக்கிறேன்.

இளையவர்களிடம் வேறு கதை. ஒல்லியாக இருக்கிறேன், எனக்கேன் இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) என்று கேட்ட அலுவலகப் பெண்ணின் படத்தில் கைகால் குச்சி, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு. 2004இல் 'லான்செட்' இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே போட்டார்கள்: புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த யட்கின். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு ஒரே 22.3. டெக்ஸாவில் அளந்தால் யட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவிகிதம், யாஜ்னிக்குக்கு 21.2. தராசு இருவரையும் ஒரே ஆளென்று சொன்னது. வாளியோடு நிறுத்துப் போட்ட பால் கணக்கு.

பீடோங் பாட்டி இந்த வருடம் மறுபடி வந்தார். மாத்திரைக்குப் பதில் இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசி. சேலையின் அடியைக் கத்தரித்து ஓரம் அடித்திருந்தார். சுவரிலிருந்த அளவுகோலின் அடியில் குதிகாலை ஒட்டி நிற்கவைத்துப் பலகையைத் தலையில் இறக்கினேன்.

"எவ்வளவு?"

"நூற்று நாற்பத்தேழு, பாட்டி."

"போன தடவை?"

"அதேதான்."

அவர் நகரவில்லை. நான் பலகையைப் பிடித்துக்கொள்ள, மெதுவாகக் கீழிருந்து விலகித் திரும்பி நின்று, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கோட்டைப் பார்த்தார். "கிராணி எழுதும்போது நாங்கள் எட்டிப் பார்த்தால் அவருக்குப் பிடிக்காது" என்றார். நான் 147 என்று தட்டுவதைத் திரையில் பார்த்து முடித்த பிறகுதான் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை உருவி என் கையில் கொடுத்தார்.