காணி என்ற சொல்லும் ஒரு வெள்ளிப் பாளமும்

ஆர். எஃப். குவாங் எழுதி 2022இல் வெளிவந்த 'பாபெல்' நாவலைப் படித்து முடித்ததிலிருந்து 'காணி' என்ற சொல்லையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கொங்கு நாட்டில் ஒரு கூட்டத்தாரின், அதாவது ஒரு குலத்தாரின், காணி என்றால், நிலத்தோடு ஊரின் மீதுள்ள பரம்பரை உரிமையும் காணிக் கோயிலும் அங்கே செய்ய வேண்டிய கடமைகளும் சேர்ந்தே மனத்தில் எழும். 1792க்குப் பிறகு, இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியான பாராமகாலில் கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகளான ரீடும் மன்றோவும் உருவாக்கிய, உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை கோயம்புத்தூர்ப் பக்கமும் பரவியபோது, கும்பினிக் கணக்கில் நிலத்தின் அளவும் தீர்வையும் ஏறின. மற்றவை வெளியே நின்றுவிட்டன. "பட்டா ஆபீசுல வாங்கறது கண்ணு, காணி சாமி குடுத்தது" என்பார் என் அப்பிச்சி, அம்மாவின் அப்பா.

இப்படி மொழிபெயர்ப்பில் வெளியே நின்றுவிடும் பொருளைத்தான் குவாங் மந்திரமாக்கியிருக்கிறார். வெள்ளிப் பாளத்தின் இரு பக்கங்களிலும் இரு மொழிகளின் இணைச்சொற்களைப் பொறித்து, இரண்டு மொழிகளிலும் சிந்திக்கத் தெரிந்தவர் உச்சரித்தால், இடையில் தவறிப்போன பொருள் செயலாக வெளிப்படும். 'வூஷிங்' என்ற சீனச் சொல் உருவமின்மையைச் சொல்கிறது. அதற்கு இணையாகக் 'கண்ணுக்குத் தெரியாதது' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லைப் பொறித்த பாளம் மனிதர்களை மறைத்துவிடுகிறது. 1830களின் ஆக்ஸ்ஃபோர்டில், பேரரசு இந்த வெள்ளியால்தான் இயங்குகிறது. அதற்குக் காலனி நாடுகளின் மொழிகளும் அவற்றைப் பேசும் பிள்ளைகளும் தேவைப்படுகிறார்கள். காலராவில் தாயை இழந்து சீனாவின் கேண்டனிலிருந்து கொண்டுவரப்பட்ட ராபின், தன்னைப் பயன்படுத்தும் 'பாபெல்' என்ற ஆக்ஸ்ஃபோர்டு மொழிபெயர்ப்புக் கோபுரத்தை மனமார நேசிக்கிறான். ஆங்கிலவழிப் பள்ளியில் பரிசு வாங்கி, வீட்டில் பேசும் 'ஏனுங்க', 'வாங்கோ' ஆகியவற்றுக்கு வெட்கப்பட்ட எனக்கு, அவனுடைய நன்றியுணர்வும் அதன் அடியிலிருக்கும் வலியும் மிக நெருக்கமாக இருந்தன.

ஆயினும், சொல்லாமல் விடுபட்டதில் ஆற்றல் இருக்கிறது என்று நம்பும் இந்த நாவல், தன் வாசகருக்கு எதையும் சொல்லாமல் விடுவதில்லை. ஒரு காட்சியிலேயே விளங்கிவிட்ட அநீதியை உரையாடல் விளக்குகிறது, பின்னர் அடிக்குறிப்பு தீர்ப்பும் எழுதுகிறது. ராபினைக் கொண்டுவந்து வளர்க்கும் பேராசிரியர் லோவெல் கொடியவர் என்பதில் ஐயமில்லை. அவருக்குள் ஒரு தடுமாற்றமாவது தெரிந்திருந்தால் அந்தக் கொடுமை இன்னும் அஞ்சத்தக்கதாக இருந்திருக்கும். கல்கத்தாவிலிருந்து வரும், ராபினின் நண்பனான ரமியின் ஊரும் வீடும் இன்னும் விரிவாக வந்திருக்க வேண்டும் என்பது என் பெரிய குறை.

அடுத்த முறை படிக்கும்போது தீர்ப்புச் சொல்லும் அடிக்குறிப்புகளைத் தாண்டிவிடுவேன். சொற்களின் பிறப்பைச் சொல்பவற்றை மட்டும் ஒன்று விடாமல் படிப்பேன்.