என் பல்லுக்கு வெட்கமாம்

இந்த நாட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கடையில் பொருள் கேட்க, பேருந்தில் வழி கேட்க, பையனின் ஆசிரியையிடம் தலையாட்ட, இவற்றுக்கெல்லாம் போதுமான மொழி எனக்கு வந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாசற்படியில் உறைபனியில் வழுக்கி, கைப்பிடிக் கம்பியில் வாய் மோதி, மேல்வரிசை முன்பல் குறுக்காக உடைந்த அன்றுதான் என் கையிருப்பு எவ்வளவு என்று தெரிந்தது.

உதட்டில் ரத்தம். படியில் கிடந்த பல் துண்டை எடுத்து டிஷ்யூ தாளில் மடித்துப் பையில் போட்டேன். பத்திரப்படுத்துவதாக நினைப்பு. உண்மையில் அதைக் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

கணவர் அவசர உதவி எண்ணுக்குப் பேசினார். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, “பல் உடைந்ததா, வேரோடு வந்துவிட்டதா?” இரண்டுக்கும் அந்த மொழியில் தனித்தனிச் சொல் இருப்பது அன்றுவரை எங்களுக்குத் தெரியாது. வேரோடு விழுந்த பல் என்றால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. வேரைத் தொடாமல், கடிக்கும் பகுதியைப் பிடித்தெடுத்து, அழுக்கிருந்தால் தேய்க்காமல் பாலில் லேசாக அலசி, உடனே அதன் குழியிலேயே வைத்து, மெல்லிய துணியைக் கடித்தபடி ஓட வேண்டும். வைக்க முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துப்போக வேண்டும். தண்ணீர் ஆகாது, வேரின்மேல் உயிரோடிருக்கும் செல்கள் ஊதி வெடித்துவிடும். வெளியே 60 நிமிடம் காய்ந்துவிட்டால் அந்தச் செல்கள் பிழைப்பது அரிது. இதெல்லாம் நிலையான பல்லுக்கு மட்டும். குழந்தையின் பால்பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது, கீழே முளைக்கக் காத்திருக்கும் பல் கெட்டுவிடும். என்னுடையது உடைசல்தான். ஒரு மணி நேரத்தில் வரச் சொன்னார்கள்.

கணவர் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருந்ததால் பத்து வயது மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்தில் மொழியைப் பிடித்துக்கொண்டவன் அவன்தான், எங்கள் வீட்டு வெளியுறவு அமைச்சர். மருத்துவர் அம்மா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டார். “பல் கூசுது” என்றேன். மகன் ஒரு நொடி யோசித்துவிட்டு மொழிபெயர்த்தான். அவர் முகத்தில் குழப்பம். வீட்டில் விருந்தாளி வந்தால் அவன் கதவுக்குப் பின்னால் ஒளிவான், “என்னடா கூச்சம்?” என்று நான் அதட்டுவேன். அவனுக்குத் தெரிந்த கூச்சம் அது ஒன்றுதான். அம்மாவின் பல்லுக்கு வெட்கம் என்று சொல்லியிருக்கிறான்.

அவர் சிரித்துவிட்டு, குழந்தையை வைத்து மருத்துவம் பேசக் கூடாது என்று அவனைக் கதைப் புத்தகத்தோடு வெளியே உட்காரவைத்து, தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தார். அப்படி ஒருவரைக் கேட்டு வாங்கலாம் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. “சொல்லுங்க அக்கா” என்று அந்தப் பெண்ணின் குரல் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. பல்வலியால் அல்ல.

அதற்குப் பிறகுதான் மருத்துவர் உண்மையான கேள்விகளைக் கேட்டார். எல்லாமே வலியின் வகையைப் பற்றியவை. குளிர்காற்று பட்டால் சுரீரென்று கூசி உடனே அடங்குகிறதா? அப்படியானால் மேலோட்டுக்கு அடியிலுள்ள டென்டின் என்ற அடுக்கு வெளியே தெரிகிறது, உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் பற்கூழ் இன்னும் தாங்கிக்கொண்டிருக்கலாம். சூட்டுக்கும் குளிருக்கும் வலி வந்து நெடுநேரம் நிற்கிறதா, சும்மா இருக்கும்போதே விண்விண்ணென்று தெறிக்கிறதா? அது கூழ் மீளாதபடி வீங்கியதற்கு அடையாளம், கூழை எடுத்துவிட்டு வேரின் உள்ளே அடைக்கும் ரூட் கேனல் சிகிச்சை வரை போகலாம். கடிக்கும்போது மட்டும் வலியா? வேரைத் தாங்கும் நாரில் அடி, அல்லது கண்ணுக்குத் தெரியாத விரிசல். பற்கள் முன்போலவே ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா? இல்லையென்றால் பல் இடம்பெயர்ந்திருக்கும், தாடை எலும்பையும் பார்க்க வேண்டும். புதிய மொழியில் எனக்குத் தெரிந்தது ‘வலி’ என்ற ஒரே சொல். அதை மட்டும் சொல்லியிருந்தால் இவற்றில் எதை அவர் பிடித்திருப்பார்?

எக்ஸ்ரே ஒரே கோணத்தில் எடுக்கவில்லை. வேர் முறிவு ஒரு கோணத்தில் ஒளிந்துகொண்டு மறு கோணத்தில் தெரியுமாம். உதட்டையும் தனியாக எடுத்தார். நான் கொண்டுபோன துண்டில் ஒரு மூலை குறைந்தது, அது உதட்டுக்குள் புதைந்திருக்கலாம் என்ற சந்தேகம். நல்லவேளை, இல்லை.

துண்டை 20 நிமிடம் உப்புநீரில் ஊறப்போட்டார். காய்ந்த துண்டு சரியாக ஒட்டாது. நான் வெறும் தண்ணீரில் போட்டுக் கொண்டுவந்திருந்தாலே போதும், துண்டுக்கு வேர்ச் செல்களின் கவலை இல்லை. பல்லின் உடைந்த பரப்பில் ஓரிடம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. கூழ் அங்கே மெல்லிய மறைப்புக்குப் பின்னால்தான் இருந்தது, ரத்தம் கசியவில்லை. அதன்மேல் கூழைக் காக்கும் மருந்தான கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து, துண்டைப் பொருத்தி, குறைந்த மூலையைப் பல் நிறப் பிசினான காம்போசிட்டால் நிரப்பி, நீல ஒளி பாய்ச்சி இறுக்கினார். கூழ் திறந்திருந்தாலும் உடனே எடுத்துவிட மாட்டார்களாம். வேர் முற்றாத சிறுவர்களுக்கு மேலே 2 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் நீக்கி, மீதியை மூடிக் காப்பாற்றப் பார்ப்பார்கள்.

வாரக்கணக்கில் முன்பல்லால் எதையும் கடிக்காமல், மென்மையான தூரிகையோடு காலம் தள்ளினேன். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேட்டதற்கு மட்டும் தமிழிலும் பதில் தெரியவில்லை.

அன்று குளிரூட்டிய பஞ்சை வைத்துச் சோதித்தபோது ஒட்டிய பல் துள்ளியது. உடையாத பக்கத்துப் பல் ஊமையாக இருந்தது. செத்துவிட்டதா என்று கேட்டேன். அடி வாங்கிய பல் 3 மாதம்கூடப் பதில் சொல்லாமல் இருக்கலாம், அவசரப்பட்டு வேரைத் தோண்ட வேண்டாம் என்றார். ஏழு வாரம் கழித்துப் போனபோதும் அது பேசவில்லை. அதற்கடுத்த முறை பஞ்சு பட்டதும் கையைத் தூக்கிவிட்டேன்.

ஓராண்டுச் சோதனையும் முடிந்தது. ஒட்டுக்கோடு வெளிச்சத்தில் மட்டும் தெரிகிறது. பக்கத்துப் பல் லேசாக மஞ்சளாகியிருக்கிறது. உள்ளே கூழ் இருக்கும் கால்வாய் சுண்ணாம்பு படிந்து சுருங்குவதால் வரும் நிறமாம், வேறு அறிகுறி இல்லாதவரை கைவைக்க வேண்டியதில்லை. ஆனாலும் காலையில் கண்ணாடியில் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.