கொட்டாவிக்கு எழும் கை

பக்கவாதம் வந்த புதிதில், வலக்கையைத் தூக்கச் சொன்னால் என் பெரியப்பாவால் அதை ஓர் அங்குலம்கூட அசைக்க முடியாது. ஆனால் அவர் கொட்டாவி விடும்போது அதே கை, முழங்கை மடங்கியபடி மார்பு உயரத்துக்கு எழுந்து, கொட்டாவி அடங்கியதும் மடியில் விழும். கை திரும்பிவிட்டது என்றே வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதன் பலன் என்றார் பெரியம்மா. இயன்முறை மருத்துவர் மட்டும், பக்கவாத நோயாளிகள் சிலரிடம் இப்படி நேர்வது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது என்றும், இதைக் கொண்டு கை எப்போது குணமாகும் என்று கணக்குப் போட முடியாது என்றும் நிதானமாகச் சொன்னார்.

அந்தக் கையின் தசைகளோ, தசைகளுக்குச் செல்லும் நரம்புகளோ கெட்டிருக்கவில்லை என்பது கொட்டாவியிலேயே தெரிந்துவிடுகிறது. அறுந்திருந்தது, அவருடைய விருப்பம் கைக்குச் சென்று சேரும் பாதை. பள்ளிப் பாடத்தில் இச்சைச் செயல், அனிச்சைச் செயல் என்று இரண்டாகப் பிரித்துப் படித்துவிட்டு, முன்னது மூளையின் வேலை, பின்னது தண்டுவடத்தின் வேலை என்று முடித்துக்கொள்கிறோம். உண்மையில் நாம் விரும்பிச் செய்யும் கை, கால் அசைவும் தண்டுவடத்தின் வழியாகத்தான் நடந்தாக வேண்டும். அங்கு வந்து சேரும் பல பாதைகளுள் விருப்பத்தின் பாதையும் ஒன்று, அவ்வளவுதான்.

அந்தப் பாதை பெருமூளையின் மேற்பரப்பில், நடுப்பள்ளத்தை ஒட்டி முன்பக்கமாக அமைந்த நீண்ட மடிப்பிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் தொடங்குகிறது. 1870இல் ஃபிரிட்ச், ஹிட்சிக் என்ற இருவர் பெர்லினில் ஒரு நாயின் மூளையில் இயக்கத்துக்குரிய பகுதியை மின்னோட்டத்தால் தூண்டி, உடலின் எதிர்ப்பக்கத் தசைகள் அசைவதைக் காட்டினார்கள். மனிதரில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 10 லட்சம் நரம்பிழைகள் இப்படிக் கீழிறங்குகின்றன. மூளையின் ஆழத்தில் அவை ஒரு குறுகிய இடைவெளியில் நெருக்கியடித்துக்கொண்டு செல்வதால், அங்கே சிறிய இரத்தக்கசிவோ அடைப்போ நேர்ந்தாலும் முகம், கை, கால் மூன்றும் ஒருசேர விழுந்துவிடும். மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் அடியில் பெரும்பாலான இழைகள் மறுபக்கம் கடந்துவிடுகின்றன. இடப்பக்க மூளையில் அடைப்பு ஏற்பட்டால் வலக்கை விழுவது இதனால்தான். மூளையின் மேற்பரப்பிலிருந்து புறப்படும் கட்டளை கைத்தசையை எட்ட ஏறக்குறைய 20 மில்லிநொடி போதும்.

தண்டுவடத்தின் முன்பக்கப் பகுதியான முன்கொம்பில் இருக்கும் இயக்க நியூரான்கள், அதாவது நரம்பணுக்கள்தான் தசையோடு நேரடித் தொடர்பு கொண்டவை. விருப்பம், பழக்கம், திடுக்கிடல், கொட்டாவி என்று எது கையை அசைக்க நினைத்தாலும் இந்த நியூரான்களைத் தூண்டாமல் வேறு வழியில்லை. நரம்பியல் அறிஞர் ஷெரிங்டன் இவற்றை அனைத்துக்கும் பொதுவான இறுதிப் பாதை என்று விவரித்தார். கொட்டாவி மூளைத்தண்டில் பிறப்பது. அங்கிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பழைய பாதைகள் பெரியப்பாவுக்குச் சேதமடையவில்லை என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். போலியோ வைரஸ் தாக்குவதோ இந்த இறுதி நியூரான்களையே. அவை மடிந்துவிட்டால் விருப்பத்துக்கும் அசைவில்லை, கொட்டாவிக்கும் அசைவில்லை. கால் துவண்டு சூம்பிப்போகும். பக்கவாதத்தில் நேர்மாறாக, மேலிருந்து வரும் கட்டுப்பாட்டை இழந்த நியூரான்கள் மிகையாகத் துடிக்கத் தொடங்குவதால், நாள்பட நாள்படக் கை விறைத்துக்கொள்ளும், முழங்காலில் தட்டினால் கால் வேகமாக உதைக்கும். உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் கீழே மடங்காமல் மேலே நிமிரும் என்பதை 1896இல் நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி எழுதினார். கைக்குழந்தைகளுக்கும் பெருவிரல் நிமிரத்தான் செய்யும். அவர்களுக்கு அந்தப் பாதை இன்னும் முதிரவில்லை.

சிறுமூளையையும் மூளையின் அடியிலுள்ள நரம்பணுத் திரள்களையும் இங்கே விரித்து எழுத இடமில்லை. சிறுமூளை பழுதானால் வலு குறையாது; மூக்கைத் தொடப் போகும் விரல், இலக்கை நெருங்க நெருங்க ஆடும். அடித்திரள்களில் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைந்த பார்க்கின்சன் நோயாளி சமதரையில் அடியெடுத்து வைக்க முடியாமல் உறைந்து நிற்பார். தரையில் குறுக்குக் கோடுகள் போட்டால் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுவார்.

எனக்கு அதிகம் வியப்பளித்தது விரல்களைப் பற்றிய செய்தி. 1968இல் வெளியான ஆய்வில் லாரன்ஸ், குய்ப்பர்ஸ் இருவரும் குரங்குகளுக்கு இந்தப் பாதையை முகுளத்தின் இருபுறமும் துண்டித்தார்கள். அவை தேறி எழுந்து, ஓடின, கூண்டில் ஏறின, கம்பியைப் பற்றின. ஆனால் சிறு குழியிலிருந்து உணவுத் துணுக்கை இரு விரலால் எடுக்க மட்டும் அவற்றால் முடியவில்லை. விரல்களைத் தனித்தனியே அசைப்பதற்கு இந்தப் பாதைக்கு மாற்று ஏதும் இல்லை என்று தெரிகிறது. பெரியப்பா கைத்தடியை இறுகப் பிடித்து வாசல்வரை நடக்கத் தொடங்கிய பிறகும் சட்டைப் பொத்தானோடு போராடியது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பொத்தானின் விளிம்பைத் தேடும்போது மற்ற மூன்று விரல்களும் சேர்ந்து மடங்கி, முழுக் கையும் முஷ்டியாகிவிடும்.

பார்க்க வருபவர்கள் எல்லோரும், கைக்கு வலு வரட்டும் என்று அழுத்திப் பிசையும் ரப்பர் பந்தை வாங்கி வருகிறார்கள். எங்கள் இயன்முறை மருத்துவருக்கு அதில் உடன்பாடில்லை. மடக்கும் தசைகள் ஏற்கெனவே விறைத்திருக்கின்றன, எஞ்சியுள்ள பழைய பாதைகளும் அவற்றையே அதிகம் தூண்டுகின்றன என்கிறார். அவர் பெரியப்பாவைப் பிடிக்கச் சொல்வதைவிட விடச் சொல்வதே அதிகம்: டம்ளரை மேசையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கையை முழுதாக விரிக்க வேண்டும்.