பழைய அனிமேவுக்கு ஆங்கிலப் பதிப்பு: காசு போடுமுன் பார்க்க வேண்டியவை

பலரிடம் நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் யாராவது ஒரு பழைய அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடரை ஆங்கிலத்தில் கொண்டுவரப் பணம் கேட்டால், எல்லோர் கண்ணும் இலக்குத் தொகைக்குத்தான் போகும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கேட்பவர் கையில் இப்போதே என்ன இருக்கிறது?

2013-இல் 'டைம் ஆஃப் ஈவ்' படத்தின் ப்ளூ-ரேவுக்கு 18,000 டாலர்தான் கேட்டார்கள். கேட்டது படத்தைத் தயாரித்த தரப்பே. உரிமை பேச ஜப்பானுக்கு ஓட வேண்டியதில்லை, படமும் முடிந்து கையில் இருந்தது. வந்து சேர்ந்தது 2,15,000 டாலருக்கு மேல். அதே ஆண்டு 'பபிள்கம் க்ரைசிஸ்' ப்ளூ-ரேவுக்காக அனிமைகோ நிறுவனம் 75,000 டாலர் கேட்டது. 1987 முதல் 1991 வரை வந்த எட்டுப் பகுதி ஓவிஏ அது, அதாவது டிவிக்கு இல்லாமல் நேராக வீடியோவில் வந்த அனிமே. அனிமைகோ முன்பே பலமுறை வெளியிட்டுப் பழகிய சரக்கு. கேட்டதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்தது.

2017-இல் ரைட் ஸ்டஃப் நிறுவனத்தின் நொசோமி பிரிவு 'ஆரியா தி அனிமேஷன்' தொடருக்குக் கேட்டதும் இதே கணக்கில்தான். சப்டைட்டிலோடு டிவிடியாக அவர்களே ஏற்கெனவே விற்ற தொடர். உரிமம், மொழிபெயர்ப்பு, வாங்குகிற கூட்டம் மூன்றும் கைவசம். இல்லாதது ஆங்கில டப்பிங் ஒன்றுதான். முதல் 13 பகுதிகளுக்கு 1,10,000 டாலர் கேட்டார்கள். ஆறு லட்சத்தை நெருங்கி முடிந்தது. அதனால் மூன்று சீசனும், 52 பகுதிகளும் டப் ஆயின.

இதற்கு நேர்மாறாக, "நிதி வந்ததும் உரிமம் பேசுவோம், மாஸ்டர் (மூலப் பிரதி) தேடுவோம், டப் செய்வோம்" என்று எழுதியிருந்தால் ஒதுங்கிவிடுவது நல்லது. அனிமேவின் உரிமை பெரும்பாலும் ஒரே ஆளிடம் இருக்காது. பதிப்பகம், டிவி நிலையம், இசை நிறுவனம் எல்லாம் பங்கு போட்ட தயாரிப்புக் குழுவிடம் இருக்கும். முகப்புப் பாடலுக்குத் தனிக் கையெழுத்து வேண்டியிருக்கும். குழுவில் ஒரு நிறுவனம் மூடப்பட்டு அதன் பங்கு கைமாறியிருந்தால், யாரிடம் கேட்பது என்று கண்டுபிடிக்கவே மாதங்கள் போகும். போதாததற்கு, விற்பனை எப்படி இருந்தாலும் உரிமைக்காரருக்குச் சேர வேண்டிய குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டும். திட்டப் பக்கத்தில் 'ஒப்பந்தம் கையெழுத்தானது' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். 'பேச்சு நடக்கிறது' என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

படத்தின் தரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1980-களின் செல் அனிமே (கண்ணாடித் தாளில் கையால் வரைந்தது) பிலிமில் எடுக்கப்பட்டது. நெகட்டிவ் கிடைத்துப் புதிதாக ஸ்கேன் செய்தால் பளிச்சென்று வரும். 2000-களின் முதல் பாதியில் கணினியில் வண்ணம் தீட்டிய பல தொடர்களோ எஸ்டி (பழைய டிவியின் குறைந்த தெளிவு) அளவிலேயே முடிக்கப்பட்டவை. அவற்றை ப்ளூ-ரேயில் போட்டாலும் அது பெரிதாக்கிய படம்தான். புதியதைவிடப் பழையது அழகாக இருக்கும் இடம் இது. 'ஹெச்டி ரீமாஸ்டர்' என்று போட்டிருந்தால், எதிலிருந்து எடுத்தது என்று கேளுங்கள்: நெகட்டிவா, டேப்பா?

புதிய ஸ்கேன் வந்தால் பழைய சப்டைட்டில் அப்படியே பொருந்தாது. விளம்பர இடைவேளை வரும் இடத்தில் 12 பிரேம் கூடுதலாக இருந்தால் போதும், அதற்குப் பின் வரும் ஒவ்வொரு வரியும் அரை நொடி முந்திக்கொண்டு வரும். முதல் பாதியை மட்டும் சரிபார்த்துவிட்டு டிஸ்க் அடித்தால் மாட்டிக்கொள்வார்கள்.

காசு கரைவது டப்பிங்கில். ஜப்பானியத் தரப்பு தர வேண்டியது 'எம் அண்ட் ஈ' டிராக், அதாவது வசனம் இல்லாமல் இசையும் ஓசைகளும் மட்டும் உள்ள ஒலித்தடம். பழைய தொடர்களில் அது தொலைந்துபோயிருக்கலாம். அப்படியானால் காலடி, கதவு, மழை எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். இசையை சவுண்ட்டிராக் சிடியிலிருந்து எடுத்து, மூலத்தில் எங்கே தொடங்கி எங்கே தணிகிறது என்று காதால் கேட்டுக் கேட்டு ஒட்ட வேண்டும். இதில் சிக்கனம் பிடித்த டப்பை உடனே கண்டுபிடித்துவிடலாம்: ஆள் வாய் திறக்கும்போது மட்டும் மழை நின்றுவிடும், மூடியதும் மறுபடி பெய்யும்.

உதட்டசைவு அவ்வளவு பெரிய தொல்லை இல்லை. அனிமேயில் வாய்க்குப் பெரும்பாலும் மூன்றே படங்கள்தான்: மூடியது, பாதி, திறந்தது. எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டாம். எத்தனை அசைவு, எங்கே நிறுத்தம் என்று எண்ணினால் போதும். வாக்கிய அமைப்புதான் கழுத்தை அறுக்கும். தமிழைப் போலவே ஜப்பானியத்திலும் வினை கடைசியில் வரும். "அவனைக் கொன்றது… நான்… இல்லை" என்று ஒரு பாத்திரம் இழுத்துச் சொன்னால், எதிரே இருப்பவர் முகம் மாறும் ஷாட் அந்த 'இல்லை'யின் மேல் வெட்டப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் மறுப்பு முன்னாலேயே வந்து விழுந்துவிடும், முகமோ இரண்டு நொடி கழித்து மாறும். இதைச் சரிசெய்ய வசனத்தையே திருப்பி எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். தமிழில் டப் செய்பவருக்கு இந்தத் தலைவலி இல்லை. இன்னொன்று, அடிக்கடி வரும் சொற்கள். ஆரியாவில் அலிசியா என்ற பாத்திரம் எதற்கெடுத்தாலும் "அரா அரா" (நம் 'அடடே' போல) என்பாள். அதற்கு என்ன சொல்வது என்று முதல் பகுதியிலேயே முடிவெடுத்தாக வேண்டும், பத்தாவது பகுதியில் மாற்ற முடியாது.

செலவைத் தோராயமாகப் பிடிக்க ஒரு வகுத்தல் போதும். ஆரியா: 1,10,000-ஐ 13-ஆல் வகுத்தால் பகுதிக்குச் சுமார் 8,460 டாலர். 2016-இல் 'ஸ்கிப் பீட்' தொடரின் 25 பகுதிகளுக்குக் கேட்டது 1,55,000, அதாவது பகுதிக்கு 6,200. டிஸ்க், பெட்டி, தபால், கட்டணம் எல்லாம் இதற்குள் அடங்கும். பகுதிக்கு 2,000 டாலரில் டப்பும் டிஸ்க்கும் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் கணக்குப் போடவில்லை என்று அர்த்தம்.

நீங்கள் தரும் 60 டாலரில் கிக்ஸ்டார்ட்டருக்கு 5 சதவீதம், அதாவது 3 டாலர். அட்டைக் கட்டணம் 3 சதவீதமும் 20 சென்ட்டும், அதாவது 2 டாலர். மிச்சம் 55. எல்லோரும் 60 தந்தால் 1,10,000-ஐத் தொட 1,834 பேர் வேண்டும். 'யாரும் கண்டுகொள்ளாத தொடர்' என்று சொல்லிக்கொண்டே அத்தனை பேரைப் பிடிக்க வேண்டும். அதுவும் இலக்கைத் தொடாவிட்டால் ஒரு சென்ட்டும் கிடையாது.

கேட்டதைவிட அதிகம் சேர்ந்தால் இன்னும் என்ன தருவோம் என்று சொல்லும் கூடுதல் இலக்குகள்தான் அடுத்த பொறி. இன்னொரு சீசன் டப் என்பது சரி. டி-ஷர்ட், சட்டையில் குத்தும் பேட்ஜ், ஓவியப் புத்தகம் என்று நீண்டால் ஒவ்வொன்றும் ஜப்பானுக்குப் போய் ஒப்புதல் வாங்கித் திரும்ப வேண்டும். பேட்ஜ் ஒன்று தாமதமானால் டிஸ்க்கும் பெட்டிக்குள் கிடக்கும். அதற்குள் பாதிப் பேர் வீடு மாறியிருப்பார்கள்.

தொடரைத் துண்டு போட்டு வசூலிப்பதும் உண்டு. 2013-இல் தொடங்கிய அனிமே சோல்ஸ் தளம் பழைய தொடர்களை சப்டைட்டிலோடு இலவசமாகக் காட்டி, டிவிடிக்குத் தொகுதி தொகுதியாக முன்பணம் திரட்டியது. 'க்ரீமி மாமி' (நம் மாமிக்கும் அவளுக்கும் உறவில்லை), 'டியர் பிரதர்' இரண்டும் கரையேறின. இலக்கைத் தொடாமல் விழுந்தவையும் பல. 2015-இல் தளமே மூடப்பட்டது. இந்த முறையில் முதல் தொகுதி வாங்கியவர் கதை முடியுமா என்று தெரியாமலே வாங்குகிறார். முழுத் தொடருக்கும் ஒரே இலக்கு வைப்பதே வாங்குபவருக்கு நியாயம்.

டிஸ்க் வீட்டுக்கு வந்தபின் ஓடுமா என்பதையும் இப்போதே பாருங்கள். டிஸ்க்குக்கும் பிளேயருக்கும் நாட்டுவாரியாக 'ரீஜன்' குறி உண்டு, இரண்டும் பொருந்தினால்தான் ஓடும். அமெரிக்க ப்ளூ-ரே பெரும்பாலும் ரீஜன் ஏ. இந்தியாவும் இலங்கையும் ரீஜன் சி, பிரிட்டன் பி. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்குக் கவலையில்லை, அங்கேயும் ஏ-தான். டிவிடி என்றால் அமெரிக்கா 1, சிங்கப்பூர் 3, நாம் 5. உரிமம் அமெரிக்கா, கனடாவுக்கு மட்டும் என்றால் நம் முகவரிக்கு அனுப்பவே மாட்டார்கள். தபால் பட்டியலில் நாடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொகை போடுங்கள்.

பணம் எடுப்பது திட்டம் வெற்றியாக முடிந்த பிறகுதான். அன்றைக்கு அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்க வேண்டும். தவறினால் சரிசெய்ய ஏழு நாள் தருவார்கள். அதற்கான மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டிக்குள் போய் உட்கார்ந்திருக்கும்.