தங்கையை அமெரிக்கன் காலேஜில் சேர்த்த கதை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது. தங்கைக்கு பி.காம். வேண்டும். அம்மாவுக்கு மகளிர் கல்லூரி வேண்டும். அப்பாவுக்கு இருட்டுவதற்குள் வீடு வந்து சேருகிற கல்லூரி வேண்டும். நாங்கள் திருமங்கலம் பக்கம். பத்தாவதோடு லேத் பட்டறைக்குப் போனவன் நான். எனக்குக் கட்டணம் ஒன்றுதான் கவலை.

மதுரை அமெரிக்கன் காலேஜ் என்று தங்கை சொன்னதும் அப்பா, "ஃபீஸும் டாலர்லதான் கட்டணுமா?" என்றார். அம்மாவின் பயம் வேறு. சர்ச் காலேஜ், வேதத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டு அத்தை சொல்லியிருந்தார். "சாலமன் பாப்பையா தமிழ் வாத்தியாரா இருந்தது அந்தக் காலேஜ்லதாம்மா" என்றாள் தங்கை. பொங்கலுக்குப் பொங்கல் பட்டிமன்றத்தைத் தவறவிடாத அம்மா அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை.

விண்ணப்பத்தை போனிலேயே போட்டோம். பி.காம்., பொருளியல், தமிழ் என்று மூன்றுக்கு. உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்றால் என்ன என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். முதலாவதில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, அதனால் கட்டணம் குறைவு. இரண்டாவதில் எல்லாமே மாணவர்கள் கட்டும் பணத்திலிருந்துதான். கல்லூரி ஒன்றுதான், கட்டணத்தில் பெரிய வித்தியாசம். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சாதிச் சான்றிதழில்தான் மாட்டிக்கொண்டோம். மார்க் ஷீட்டில் தங்கைக்கு ஒரு இனிஷியல், சான்றிதழில் இன்னொன்று. எங்கள் பக்கத்து இ-சேவை மையம் ஒன்றில் தாத்தா பெயரையும் அப்பா பெயரையும் மாற்றி அடித்திருந்தார்கள். வாங்கி மூன்று வருஷமாகியும் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. திருத்தி வாங்க எட்டு நாள், பட்டறையில் மூன்று நாள் லீவு.

சேர்க்கைக்குப் போன அன்று காலை ஏழரைக்கே கல்லூரி இருக்கும் தல்லாகுளத்தில் இருந்தோம். சிவப்புச் செங்கல், வளைவு வளைவாக வாசல், மேலே கோபுரம். அம்மா கோயிலுக்குள் நுழைவதுபோலச் செருப்பைக் கழற்றப் போனார். தங்கை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். வரிசையில் எங்களுக்குப் பின்னால், பேரனோடு வந்திருந்த ஒரு பெரியவர். அங்கேயே படித்தவராம். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னோம். "அட, இந்தக் காலேஜே உங்க ஊர்ல இருந்து வந்ததுதானே!" என்றார்.

முதலில் நம்பவில்லை. அவர் கதையைச் சொன்னார். அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து 1834-ல் மதுரைக்கு வந்தவர்கள். 1842-ல் திருமங்கலத்தில் ஒரு செமினரி, அதாவது மிஷன் ஊழியர்களையும் ஆசிரியர்களையும் உருவாக்கும் பள்ளி, தொடங்கினார்கள். மூன்று வருஷத்தில் அது பசுமலைக்குப் போனது. அங்கேதான் 1881-ல் கல்லூரியாக வளர்ந்தது. முதல் முதல்வர் வாஷ்பர்ன். அடுத்து வந்த சம்ப்ரோ காலத்தில் வைகையைத் தாண்டித் தல்லாகுளத்துக்கு வந்து சேர்ந்தது. நாங்கள் நின்றிருந்த மெயின் ஹாலுக்கு வரைபடம் போட்ட ஹென்றி இர்வின்தான் மைசூர் அரண்மனைக்கும் போட்டவராம். திருமங்கலம், பசுமலை, அப்புறம் ஆற்றைக் கடந்து தல்லாகுளம்: அன்று காலை எங்கள் பஸ் வந்த வழியேதான். கல்லூரிக்கு அதே தூரம் வர அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அப்பா அந்தப் பெரியவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

பி.காம்.மில் உதவி பெறும் இடம் கிடைக்கவில்லை. சுயநிதியில் இருந்தது, பொருளியலில் உதவி பெறும் இடம் இருந்தது. முடிவு சொல்லக் கொடுத்த நேரம் கொஞ்சம்தான். தங்கை முகம் சுருங்கிவிட்டது. "கடன் வாங்கியாவது பி.காம். படிக்க வைக்கிறேன்" என்றேன், மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே. அவள் என்னைப் பார்த்துவிட்டு, "பொருளியலே போதும்ணே" என்றாள். அது எனக்காகச் சொன்னது. இன்றுவரை உறுத்துகிறது, மறைக்க விரும்பவில்லை.

ஆனால் இப்போது அவள் வீட்டில் பேசுவதே வேறு மாதிரி. பொருளியல் எடுத்தாலும் தமிழும் ஆங்கிலமும் சேர்த்துப் படிக்கிறாள். 1978 முதல் தன்னாட்சிக் கல்லூரி என்பதால் பாடத்திட்டத்தையும் தேர்வையும் அவர்களே வைத்துக்கொள்கிறார்கள். பட்டம் மட்டும் காமராசர் பல்கலைக்கழகம் தருகிறது. நூலகத்துக்கு டேனியல் பூர் பெயர். யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டை செமினரியை நடத்திவிட்டு மதுரைக்கு வந்து ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தவர் அவர். அம்மா பயந்ததுபோல எதுவும் நடக்கவில்லை. வளாகத்துக்குள் சர்ச் இருக்கிறது, விருப்பமுள்ளவர்கள் போகிறார்கள். தங்கை வெள்ளிக்கிழமை விரதத்தை விடவில்லை.

அரசின் புதுமைப்பெண் திட்டப் பணம் மாதம் 1,000 ரூபாய். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்ததால் அவளுக்குத் தகுதி உண்டு. ஆனால் வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைக்காமல் விட்டதால் முதலில் வரவில்லை. ரிசல்ட் வருவதற்கு முன்பே வங்கிக்குப் போய் அதை முடித்துவிடுங்கள். இன்னொன்று, டி.சி.யின் ஒரிஜினலைக் கல்லூரியில் வாங்கிக்கொள்வார்கள். கொடுப்பதற்கு முன்னால் பத்து ஜெராக்ஸாவது எடுத்து வையுங்கள். நான் இரண்டுதான் எடுத்திருந்தேன். ஒன்றில் அப்பா மளிகைக் கணக்கு எழுதிவிட்டார்.