நான்காவது முறை ஒட்டியது

உடைந்த பீங்கானை உருஷி என்ற மரப்பாலால் ஒட்டித் தங்கப்பொடி பூசும் ஜப்பானியக் கின்ட்சுகியைச் செய்து பார்க்கிறேன். மூன்று முறை பிரிந்து வந்த தேநீர்க் கிண்ணம் இந்த முறை ஒட்டிக்கொண்டது! நேற்று இரவு, உருஷி இறுகுவதற்கான ஈரப்பெட்டியிலிருந்து எடுத்து, ஒட்டிய இடத்தின் இருபுறமும் கட்டைவிரல் வைத்து அழுத்திப் பார்த்தேன். அசையவே இல்லை.

கோளாறு முழுக்க முகி உருஷியில்தான், அதாவது கோதுமை மாவு கலந்த உருஷிப் பசையில். மாவும் உருஷியும் நூல் நூலாக இழுபடும் பதம் எனக்கு முதல் தடவையே வந்துவிட்டது. பூசிய கனம்தான் கெடுத்தது. கனமாகப் பூசினால் மேலே தோல் கட்டிக்கொள்கிறது, உள்ளே பச்சையாகவே கிடக்கிறது. இந்த முறை இரண்டு விளிம்பிலும், அடியில் பீங்கான் நிறம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக இழுத்தேன். உடனே சேர்க்கவில்லை, பளபளப்பு மங்கும்வரை அரை மணி நேரம் விட்டேன். அப்புறம் பெட்டிக்குள் 75 சதவீத ஈரப்பதத்தில் மூன்று வாரம். ஒசாகாவின் குளிர்காலக் காற்று வறண்டது என்பதால் தினமும் காலையில் துணியை நனைத்து வைத்தேன்.

இடையில் ஒருநாள் நாரா போய், கோஃபுகுஜி என்ற புத்தக் கோயிலில் அசுரா சிலையைப் பார்த்தேன். 734இல் செய்தது. களிமண் உருவத்தின் மேல் சணல்துணியை அடுக்கடுக்காக ஒட்டி, இறுகியபின் உள்ளிருந்த மண்ணை எடுத்துவிட்டார்கள். துணியை ஒட்டியது இதே முகி உருஷிதான்! நம் கதைகளில் அசுரன் என்றால் மீசையும் கோரைப்பல்லும். இங்கே புருவம் லேசாகச் சுளித்த ஒரு சிறுவன். ஆறு கைகளில் முன்னிரண்டும் கூப்பியிருக்கின்றன. ஓர் அடுக்கு இறுகாமல் அடுத்ததைத் தொட முடியாது. காத்திருந்த அந்த நாட்களிலெல்லாம் இந்த முகத்தைச் சிலை செய்தவர்கள் மனதில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

அடுத்த ட்யூப் வடஜப்பானின் இவாத்தே மாநிலத்து ஜோபோஜி ஊர் உருஷியாக வாங்க ஆசை. சீன உருஷியைவிடப் பல மடங்கு விலை. ஆனால் பத்துப் பதினைந்து வருடம் வளர்ந்த மரம் 200 கிராம் போலக் கொடுத்துவிட்டு வெட்டுப்படுகிறது. விலையைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

சணல்துணியில் சிறு தட்டு ஒன்று செய்யப் போகிறேன், துணிகூட வாங்கியாயிற்று. கிண்ணத்துக்கு இன்னும் சபி என்ற மண்பொடி கலந்த உருஷிப் பூச்சு, கருப்பு உருஷி, சிவப்பு உருஷி, தங்கப்பொடி எல்லாம் பாக்கி. விளிம்பில் அரிசி அளவு சில்லு ஒன்றைக் காணோம். நாளை அந்தக் குழியைக் கொகுசோ என்ற மரத்தூள் கலந்த உருஷிப் பசையால் அடைக்க வேண்டும்.