'ஹை' என்றால் 'ஆமாம்' இல்லை

2016 ஏப்ரலில் டோக்கியோ போனேன். சென்னையில் ஆறு வருடம் செய்த அதே மென்பொருள் சோதனை வேலைதான். ஜப்பானிய மொழியில் என்4 தேர்வு வரை (ஐந்து நிலைகளில் கீழிருந்து இரண்டாவது) தேறியிருந்தேன். அறை கிடைத்த நிஷிகசாய் இந்தியர்கள் நிறைய வாழும் பகுதி; துவரம்பருப்புக்குக்கூடப் பஞ்சமில்லை. பிறகென்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது வாரம் வாடிக்கையாளருடன் ஒரு கூட்டம். சோதனைத் திட்டத்தை நான் விளக்க விளக்க, எதிரே இருந்த ஐந்து பேரும் தலையாட்டி 'ஹை, ஹை' என்றார்கள். ஹை என்றால் ஆமாம் என்றுதானே படித்திருக்கிறேன்! அன்றிரவே 'ஓகே வாங்கியாச்சு' என்று சென்னைக்கு மெயில் போட்டேன். பத்து நாள் கழித்து, 'கென்டோ ஷிமாஸ்' என்று பதில் வந்தது. பரிசீலிக்கிறோம் என்று அர்த்தம். பெரும்பாலும் அது 'முடியாது' என்பதன் மரியாதையான வடிவம் என்று மேலாளர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த 'ஹை'யும் சம்மதமில்லை. பாட்டி கதை சொல்லும்போது நாம் 'ம்' கொட்டுவோமே, அதுதான். அதற்கு ஐஸுச்சி என்று தனிப் பெயரே இருக்கிறது.

மெயிலைத் திருத்திவிடலாம். ஆனால் அதற்கப்புறம் எதையுமே நம்ப முடியவில்லை. யாராவது சிரித்தால் பாராட்டா, சங்கடமா? ஆறு மணிக்குக் கிளம்பினால் தப்பா? பிளாஸ்டிக் கழிவைத் தப்பான நாளில் வெளியே வைத்துவிட்டேன்; சாயங்காலம் திரும்பியபோது என் பை மட்டும் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது. சின்ன விஷயம்தான். அன்று ராத்திரி அழுதேன். தமிழில் நான் வாயாடி. அங்கே மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரிந்த சொற்களோடு முப்பது வயது ஆள். அம்மா போனில் கேட்டால் 'சூப்பரா இருக்கேன்மா' என்பேன்.

'கலாச்சார அதிர்ச்சி' என்ற சொல்லைப் பரவலாக்கிய மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க், 1954-இல் ரியோ டி ஜெனிரோவில் பேசியபோது, பழகிய சமூகச் சைகைகளெல்லாம் கைவிட்டுப் போவதால் வரும் பதற்றம் அது என்றார். சாப்பாடு, குளிர் இவற்றையெல்லாம் நான் குறை சொல்லிக்கொண்டிருந்தது வீண் என்று இதைப் படித்தபோது தோன்றியது. எனக்குத் தொலைந்தது அந்த 'ம்'தான்.

இன்னொன்றும் ஆறுதலாக இருந்தது. அங்கே நிறுவனங்களில் புதியவர்கள் ஏப்ரலில் சேர்வார்கள். மே மாதத் தொடக்கத்து நீண்ட விடுமுறை முடிந்ததும் பலருக்கு மனம் சோர்ந்துவிடும். 'கொகட்சுப்யோ', அதாவது மே மாத நோய் என்கிறார்கள். சரி, ஊர்க்காரர்களுக்கே இப்படி என்றால் நமக்கென்ன!

ஜூலையில் ஒரு நாள், எதிர் மேசைக்காரர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "நீங்கள் தலையை இப்படிப் பக்கவாட்டில் ஆட்டுகிறீர்களே, அது ஆமாமா, இல்லையா?" மூன்று மாதமாக அந்தக் குழப்பத்தில் இருந்திருக்கிறார், பாவம். ஆமாம் என்றேன். குட்டி நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் காலை, 'அறிக்கையைப் பார்த்தீர்களா?' என்று நான் கேட்டபோது, கடிகாரப் பெண்டுலம்போல விறைப்பாகத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். ஆமாம் என்கிறாரா, கழுத்து வலியா என்று எனக்குத்தான் புரியவில்லை.